பழி சுமக்காத பெருந்தகை

கணினிக்குள் இருக்கும் உறுப்புகளில் பழுதான ரேமைப் போல அடக்கம் உள்ளது வேறொன்றும் இல்லை. ஹார்டு டிஸ்க் சாகப்போகிறது என்றால் டிக் டிக் என்று வீட்டுக்கே கேட்கும்படி சத்தம் போடும். எஸ்எம்பிஎஸ் கருகினால் அறை முழுவதும் நாறும். விசிறி தேய்ந்தால் முனகும். மானிட்டர் கெட்டால் கோடு கோடாகக் காட்டும். ரேம் அப்படித் தன்னை முன்னிறுத்திக்கொள்வதில்லை. மொத்தமாகச் செத்துப்போனால் மட்டும் பீப் என்று கத்தும், திரை கறுப்பாகவே இருக்கும். அரைகுறையாகக் கெட்டிருக்கும் காலத்தில், அது மாதமானாலும் வருடமானாலும், வாய் திறக்காது. தன்னால் விளைந்த அத்தனைக்கும் உரிய பெயரை மற்றவர்களுக்கே விட்டுக்கொடுத்துவிடும்.

அப்படி விட்டுக்கொடுப்பதில் கஞ்சத்தனமும் கிடையாது. திங்களன்று நீலத் திரை வரும். அதில் கிராஃபிக்ஸ் டிரைவரின் பெயர் இருக்கும். டிரைவரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடுவோம். வியாழனன்று வேறொரு நீலத் திரை. ‘பேஜ் ஃபால்ட்’ என்று தொடங்கி ஆன்டிவைரஸ் கோப்பு ஒன்றின் பெயரில் முடியும். ஆன்டிவைரஸ் வெளியேற்றப்படும். சனியன்று பிரவுசர் தானே மூடிக்கொள்ளும். ஞாயிறன்று ஜிப் கோப்பு பிரிய மறுத்து ‘சிஆர்சி எரர்’ என்று சொல்லும். நெட் சரியில்லை என்று முடிவுகட்டி மறுபடி இறக்குவோம். விண்டோஸ் எப்போதும் திட்டு வாங்கும். கேம் விளையாடிய பிள்ளையும் சேர்ந்து வாங்கும். குற்றமே செய்யாத இத்தனை பேருக்கு நடுவில் ரேம் மட்டும் ஒரு சொல்கூடக் கேட்காமல் மதர்போர்டில் நிமிர்ந்து நிற்கும்.

நாளுக்கொரு முகம் காட்டும் இந்தத் திறமைக்கு எளிய காரணம் உண்டு. 8 ஜிபி ரேமில் 6,871 கோடிக்கும் மேற்பட்ட பிட்டுகள் இருக்கின்றன. கெட்டது அதில் ஒன்றே ஒன்றாக இருக்கலாம். மற்ற அத்தனையும் மாசற்றவை. கெட்ட அந்த ஒன்று இடம் மாறுவதே இல்லை. ஆனால் அந்த இடத்தில் எந்தத் தகவலைக் குடிவைப்பது என்பதை ஓஎஸ் ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவுசெய்கிறது. ஒரு படம் குடிவந்தால் ஒரு புள்ளியின் நிறம் மாறும், யாரும் கவனிப்பதில்லை. விண்டோஸின் கருவான கெர்னலுக்கு வேண்டிய முகவரி ஒன்று குடிவந்தால் கணினி அந்த நொடியிலேயே விழும். ஒன்றுமே வராமல் காலியாகக் கிடந்தால் வாரம் முழுக்க ஒரு குறையும் இருக்காது. சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகும் நாளில் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். கடைக்காரர் முன்னால் அவ்வளவு ஒழுங்கு.

உறுதியும் அதற்கு உண்டு. சாதாரணப் பயனாளர்களின் சுமார் 10 லட்சம் கணினிகளிலிருந்து வந்த பதிவுகளை மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் அலசி, 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நினைவகப் பிழையால் ஒருமுறை விழுந்த கணினி, அதே காரணத்தால் மறுபடி விழும் வாய்ப்பு பல மடங்கு கூடிவிடுகிறது என்று கண்டார்கள். திரும்ப வந்த பிழைகளில் பெரும்பாலானவை பழைய இடத்திலேயே வந்திருந்தன. எடுத்த காரியத்தைப் பாதியில் விடும் பழக்கம் பழுதான ரேமுக்கு இல்லை.

நீலத் திரை வருவதைக்கூட அதன் கருணை என்றே சொல்வேன். இதை மனதாரச் சொல்கிறேன். திரை விழுந்தால் கெடுதல் அத்தோடு நிற்கிறது. விழாத நாட்களில் ரேம் என்ன செய்கிறது என்பதுதான் அதன் பெருமைகளில் எல்லாம் பெரியது. நாம் தட்டச்சு செய்யும் ஒவ்வொரு எழுத்தும் ரேம் வழியாகத்தான் டிஸ்குக்குப் போகிறது. காப்புப் பிரதி எடுத்தாலும் அதன் வழியாகத்தான். போகிற வழியில் ஒரு பிட்டை அது புரட்டிவிட்டால், டிஸ்க் அந்தப் பொய்யை வாங்கி, உண்மையைக் காப்பது போலவே பத்திரமாகக் காக்கும். கணினியின் எண்முறையில் 1 என்ற இலக்கத்துக்கும் 9 என்ற இலக்கத்துக்கும் வேறுபாடு ஒரே ஒரு பிட். 4-க்கும் 5-க்கும் அப்படித்தான். ஒரு டிடிபி கடையில் நிலப் பத்திரம் அடிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சர்வே எண்ணில் இருந்த 1, சேமித்துத் திறக்கும்போது 9 ஆகியிருக்கும். எழுதியவர் மீது தவறில்லை. சரிபார்த்தவர் மீதும் தவறில்லை.

தமிழும் அதற்கு வசப்பட்டதுதான். யூனிகோடில் ரகரத்துக்கும் றகரத்துக்கும் ஒரு பிட்தான் தூரம். லகரத்துக்கும் ளகரத்துக்கும் அதே. நகரத்துக்கும் னகரத்துக்கும் அதே. ஆகவே கரை கறையாகும், விலை விளையாகும். சொற்பிழை திருத்தி பார்த்தாலும் இரண்டும் அகராதிச் சொற்கள்தான், கோடிடாது. மெய்ப்புப் பார்க்கிறவர் தலையில் வந்து விழும் பழி இது.

அதன் கொடைக்கு அரசியலிலும் ஒரு சான்று இருக்கிறது. 2003 மே மாதம் பெல்ஜியத்தில் நடந்த தேர்தலில், பிரஸ்ஸல்ஸ் வட்டாரத்து ஸ்கார்பேக் நகரில் வேட்பாளர் ஒருவருக்கு மின்னணு வாக்குப்பதிவில் 4,096 வாக்குகள் கூடுதலாக விழுந்தன. பிரசாரம் இல்லை, செலவு இல்லை. சாத்தியமே இல்லாத அளவுக்கு எண்ணிக்கை போயிருந்ததால்தான் அது கண்ணில் பட்டது. மறுபடி எண்ணியபோது மற்றவர்கள் கணக்கெல்லாம் சரி. இவருக்கு மட்டும் சரியாக 4,096 கூடுதல். இரண்டை 12 முறை தன்னோடு பெருக்கினால் வரும் எண் அது. அதாவது ஒரே ஒரு பிட், 0-இலிருந்து 1-க்குப் புரண்டால் கூடும் தொகை. மென்பொருளில் பிழை ஒன்றும் கிடைக்காததால், நினைவகத்தில் பிட் தானாகப் புரண்டதே காரணமாக இருக்கும் என்று ஆராய்ந்தவர்கள் கருதினார்கள். கூடியது 4,096 ஆக இல்லாமல் 64 ஆகவோ 128 ஆகவோ இருந்திருந்தால் அந்த வாக்குகள் செல்லுபடியாகியிருக்கும்.

ரேமின் கட்டமைப்பை வியக்காமல் இருக்க முடியாது. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் 1968-இல் காப்புரிமை பெற்ற வடிவம்தான் இன்றும் அடிப்படை: ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி, அவ்வளவே ஒரு பிட்டுக்கு. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. அந்த மின்னூட்டம் ஓட்டைக் குடத்துத் தண்ணீர் போலக் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு செல்லையும் 64 மில்லிசெகண்டுக்குள் ஒருமுறை படித்துத் திரும்ப நிரப்புகிறார்கள். நொடிக்குப் பதினைந்து முறைக்கு மேல் நினைவூட்டினால்தான் அதற்கு நினைவு நிற்கும். தயாரிப்பில் சற்று நலிந்த செல் அதற்குள்ளாகவே வடிந்துவிடுகிறது. வெயில் காலத்தில், தூசி அடைத்த கேபினெட்டில், சூட்டில் இன்னும் வேகமாக வடியும். பகலில் விழுகிற கணினி விடியற்காலையில் ஒழுங்காக ஓடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

குற்றத்தைத் தள்ளிவிட வானம் வரைக்கும் வழி வைத்திருக்கிறது இந்தத் துறை. விண்ணிலிருந்து வரும் கதிர்கள் பிட்டைப் புரட்டும் என்பது உண்மைதான். 1970-களின் இறுதியிலேயே இன்டெல், ஐபிஎம் ஆய்வாளர்கள் கதிரியக்கத்துக்கும் நினைவகப் பிழைக்கும் உள்ள தொடர்பை எழுதிவிட்டார்கள். அதைப் பிடித்துக்கொண்டு, எங்கோ வெடித்த நட்சத்திரம்தான் காரணம் என்று சொல்லிவிட்டால் யாரும் பணத்தைத் திருப்பித் தர வேண்டியதில்லை. கூகுள் தன் சர்வர்களை இரண்டரை ஆண்டுகள் கவனித்து 2009-இல் வெளியிட்ட ஆய்வு வேறு கணக்கைச் சொன்னது. ஆண்டுக்குச் சுமார் மூன்றில் ஒரு பங்கு இயந்திரங்களில், ரேம் பட்டைகளில் 8 விழுக்காட்டுக்கும் மேற்பட்டவற்றில், ஒருமுறையாவது நினைவகப் பிழை தென்பட்டது. அவற்றில் பெரும்பகுதி வானத்திலிருந்து தற்செயலாக வந்து போனவை அல்ல, சில்லிலேயே நிலைத்துவிட்ட பழுதுகள் என்பதே அந்த ஆய்வின் முடிவு.

கூகுளுக்கு இது எப்படித் தெரிந்தது? அங்கே இருந்தது, பிழையைத் தானே கண்டுபிடித்துச் சொல்லும் இசிசி நினைவகம். தயாரிப்பாளர்களின் பெருந்தன்மையை இங்கேதான் போற்ற வேண்டும்.

பழைய இயந்திரங்களுக்கு நாகரிகம் தெரியாது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் ஒவ்வொரு 8 பிட்டுக்கும் காவலாக 9-ஆவது பிட் ஒன்று இருந்தது. ‘பாரிட்டி’ என்று பெயர். கணக்கு இடித்தால் இயந்திரம் திரையில் ‘பாரிட்டி செக்’ என்று எழுதிவிட்டு அங்கேயே நின்றுவிடும். உரிமையாளர் முகத்துக்கு நேராக, என் நினைவகம் கெட்டுவிட்டது என்று சொன்ன இயந்திரம் அது. 1990-களின் நடுவில் போட்டி முற்றி விலை இறங்கியபோது, வீட்டுக் கணினிகளிலிருந்து அந்த ஒன்பதாவது பிட்டை எடுத்துவிட்டார்கள். ஒன்பதுக்கு எட்டு என்ற கணக்கில் சில்லு மிச்சம். அன்று முதல் நம் கணினிகள் பிழை செய்யும்போது நம் மனம் நோகும்படி எதையும் சொல்வதில்லை.

பிழையைச் சொல்வது மட்டுமல்ல, திருத்துவதும் அன்றைக்கே தெரிந்த வித்தைதான். பெல் ஆய்வகத்தின் ரிச்சர்ட் ஹாமிங் அந்தக் கணக்கை 1950-இல் வெளியிட்டுவிட்டார். வார இறுதியில் அவர் ஓட்டிய கணக்குகளை, பிழை கண்டதும் இயந்திரம் கைவிட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். பிழை இருப்பதைக் கண்டுபிடிக்கிற இயந்திரம், அது எங்கே என்றும் கண்டுபிடித்துத் திருத்தக் கூடாதா என்ற கோபத்தில் பிறந்த கணிதம் அது. 64 பிட்டுக்கு 8 பிட் கூடுதலாக வைத்தால், ஒரு பிட் புரண்டால் திருத்தலாம், இரண்டு புரண்டால் அறிவிக்கலாம். இதைத்தான் இசிசி என்கிறோம். தயாரிப்பாளர்கள் இதை மறந்துவிடவில்லை. வங்கிக்கும் தரவு மையத்துக்கும் போகிற சர்வர்களில் தவறாமல் வைக்கிறார்கள். எந்த வாடிக்கையாளருக்கு உண்மை தேவைப்படும், யாருக்குத் தேவைப்படாது என்று பிரித்தறியும் நுட்பம் அவர்களுக்குக் கைவந்திருக்கிறது. வங்கியின் கணக்குக்கு உண்மை வேண்டும். அந்த வங்கிக்கு அனுப்ப வேண்டிய கணக்கை வீட்டில் உட்கார்ந்து போடுகிற ஆடிட்டர் உதவியாளருக்கு வேண்டாம். மாணவியின் ஆய்வேட்டுக்கு வேண்டாம். இறந்துபோன தாத்தாவின் ஒரே புகைப்படத்துக்கு வேண்டாம்.

இதனால் ஒரு நன்மை விளைந்திருக்கிறது, மறுக்க முடியாது. சர்வர்களில் பிழைகள் எண்ணப்படுகின்றன. ஆகவே சர்வர் ரேம்களுக்குக் கெட்ட பெயர் உண்டு. வீட்டுக் கணினிகளில் எண்ணுவதற்கே வழியில்லை. ஆகவே அவற்றின் பேரேடு பால் போல வெள்ளை. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2021 ஜனவரியில் இதைப் பற்றிக் கொதித்து எழுதினார். சந்தையைக் கூறுபோடுவதற்காக இசிசியைச் சாதாரண பிராசஸர்களுக்குத் தராமல் இன்டெல் வைத்திருந்ததுதான் கேடு என்று பெயர் சொல்லியே சாடினார். அவர் சொன்னதில் கடுமை இருந்தது. மிகை இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

பிறகு டிடிஆர்5 என்ற புதிய தலைமுறை ரேம் வந்தது. அதில் சில்லுக்குள்ளேயே இசிசி இருக்கிறது என்று விளம்பரங்கள் சொல்கின்றன, உண்மைதான். செல்கள் நுணுகிப்போய்ப் பிழைகள் கூடியதால், சில்லு தனக்குள் புரளும் ஒற்றைப் பிட்டைத் தானே திருத்திக்கொள்கிறது. திருத்தியதைச் சாதாரணக் கணினிக்குச் சொல்வதில்லை. சில்லிலிருந்து பிராசஸருக்குப் போகும் வழியில் நேரும் பிழைக்கு அது பொறுப்பும் இல்லை. முன்பு பிழையை மறைத்தவர், இப்போது பாதியைத் திருத்திவிட்டு மீதியை மறைக்கிறார். முன்னேற்றம் என்று இதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்ட வேகத்தையும் விட்டுவிடக் கூடாது. அந்த வேகம் பெரும்பாலும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ என்ற அமைப்பை பயாஸில் இயக்கினால்தான் வரும்; அது பொதுத் தரம் வகுத்த வேகத்துக்கு மேலே முடுக்கி ஓட்டுவது. ரேம் தாங்கும், மதர்போர்டும் பிராசஸரும் தாங்காமல் போகலாம். வேகம் பெட்டியில் இருக்கிறது, விழுவது நம் மேசையில்.

கடைசியாக நம் சர்வீஸ் கடைகள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் முதல் சிற்றூர்ப் பேருந்து நிலையத்து மாடிக்கடை வரை, கைதேர்ந்த, நேர்மையான மெக்கானிக்குகள் பலர் இருக்கிறார்கள். அவர்களை இங்கே சொல்லவில்லை. கணினியைத் திறக்காமலேயே ‘ஓஎஸ் போயிடுச்சு, ஃபார்மேட் போட்டுடலாம்’ என்று சொல்லும் வேகக்காரர்களைச் சொல்கிறேன். அவர்களுடைய வைத்தியத்தில் நோயாளிக்குக் காத்திருப்பு இல்லை. காலையில் கொடுத்தால் மாலையில் வாங்கலாம். புதிய விண்டோஸ், புதிய வால்பேப்பர், துடைத்துவிட்ட கீபோர்டு. பத்து நாளில் மறுபடி நீலத் திரை வந்தால் மறுபடி ஃபார்மேட், மறுபடி பில். பழுதான ரேம் வழியாக விண்டோஸைத் திரும்பப் பதிக்கும்போது அதன் கோப்புகளும் கெட்டே பதியக்கூடும். பதிவு பாதியில் நின்றால் பென்டிரைவ் சரியில்லை என்பார்கள். பென்டிரைவுக்கும் ஒரு பங்கு பழி போய்ச் சேரும். ரேம் மட்டும் எப்போதும் போல.

ரேமைச் சோதிக்க ஒரு ரூபாய்கூடச் செலவில்லை என்பதை இந்த வேகத்தில் யாரும் சொல்வதில்லை. 2007-இல் வந்த விஸ்டா முதல் விண்டோஸிலேயே ‘விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்’ இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் தேடினால் வரும். ரீஸ்டார்ட் ஆகிச் சோதித்து முடித்து, முடிவைத் திரை ஓரத்தில் ஒரு கணம் காட்டிவிட்டு மறைந்துவிடும். தவறவிட்டால் ஈவண்ட் வியூவரில் போய்ப் பார்க்க வேண்டும். மேலோட்டமான சோதனைக்கு அது போதும். நம்பிக்கையான சோதனைக்கு மெம்டெஸ்ட்86 அல்லது மெம்டெஸ்ட்86 பிளஸ். முதலாவது 1994-இல் கிறிஸ் பிராடி எழுதத் தொடங்கியது. இரண்டாவது அதிலிருந்து கிளைத்த திறந்த மூல மென்பொருள். பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து பூட் செய்து, இரவு முழுக்க ஓட விட வேண்டும். விண்டோஸ் உள்ளே வராததால் ஏறக்குறைய முழு ரேமையும் அதனால் தொட முடிகிறது. பிழை இருந்தால் சிவப்பில் காட்டும். ஆயிரம் பிழை வர வேண்டியதில்லை. ஒன்று வந்தாலே அது தேர்ச்சி இல்லை.

பிழை வந்தால் அடுத்து என்ன? எக்ஸ்எம்பியை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிழை மறைந்துவிட்டால் வேகம்தான் குற்றவாளி. மறையாவிட்டால் கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, லேப்டாப் என்றால் பேட்டரியையும் துண்டித்து, உலோகம் ஒன்றைத் தொட்டு உடம்பின் மின்னூட்டத்தை இறக்கிக்கொண்டு, பட்டைகளைக் கழற்றுங்கள். ஒரு பட்டையை மட்டும் ஒரு ஸ்லாட்டில் வைத்து ஓட்ட வேண்டும். பிறகு அதே ஸ்லாட்டில் அடுத்ததை. பிழை பட்டையோடு போனால் பட்டை கெட்டது. எந்தப் பட்டையை வைத்தாலும் அந்த ஸ்லாட்டில் பிழை வந்தால் ஸ்லாட்டோ மதர்போர்டோ கெட்டது. தனித்தனியே நன்றாக ஓடிவிட்டு, சேர்த்து வைத்தால் மட்டும் விழுந்தால் இரண்டும் பொருந்தாத ஜோடி. விலை மலிவு என்று பின்னால் வாங்கிச் சேர்த்த இரண்டாவது பட்டையில் இது அடிக்கடி நடக்கும். தங்க நிற முனைகளில் அழுக்குப் படிந்திருந்தால், மென்மையான ரப்பரால் மெல்லத் துடைத்துத் திரும்ப அழுத்தி வைத்ததிலேயே சரியான கணினிகளும் உண்டு. நம் மெக்கானிக்குகளின் இந்தக் கைப்பழக்கம் மெய்யாகவே நல்லது.

ரேமை மதர்போர்டிலேயே சால்டர் செய்துவிட்ட மெல்லிய லேப்டாப்காரர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. கழற்ற ஒன்றும் இல்லாதபடி தயாரிப்பாளரே பார்த்துக்கொண்டார். ஒரு பிட் கெட்டால் போர்டையே மாற்ற வேண்டும். வாரன்டி முடிந்திருந்தால், லினக்ஸிலும் விண்டோஸிலும் கெட்ட முகவரிகளைப் பயன்படுத்தாதே என்று ஒதுக்கிவைக்கும் வசதி இருக்கிறது. விவரம் தெரிந்தவரை வைத்துச் செய்துகொண்டால் சில காலம் ஓட்டலாம்.

கழற்றக்கூடிய ரேம் வைத்திருப்பவர்கள் பில்லைத் தேடி எடுங்கள். பல தயாரிப்பாளர்கள் ரேமுக்குப் பல ஆண்டுகள், சிலர் ஆயுள் முழுமைக்கும்கூட வாரன்டி தருகிறார்கள். சிவப்பு வரி தெரியும் திரையைப் போனில் படமெடுத்துக்கொண்டு போனால் கடையில் வாதாட வேண்டியிருக்காது. ரேம் கெட்டிருந்த காலத்தில் சேமித்த கணக்கு, பத்திரம், படம் எதையும் நம்பிவிடாதீர்கள். பழைய காப்புப் பிரதி இருந்தால் அதன்மேல் புதிதை எழுதாமல் இரண்டையும் ஒப்பிடுங்கள். அடுத்தவர் பணத்தையும் நிலத்தையும் நோயையும் கணினியில் எழுதுகிற வேலையில் இருப்பவர்கள், அடுத்த முறை வாங்கும்போது இசிசி தாங்கும் பிராசஸரும் மதர்போர்டும் கேளுங்கள். கேட்கிறவர் இல்லாததால்தான் கடையில் வைப்பதில்லை. புதிய ரேம் போட்ட அன்றும் ஓர் இரவு சோதனையை ஓட்டுங்கள். புதிதாக வாங்கியதே பழுதாக இருப்பதும் உண்டு.